ஊசி போடும் முன் கண்ணைப் பாருங்கள்: அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் மேசையில் ஏற்கெனவே பதிவேடுகள் குவிந்து கிடக்கின்றன. எடை எடுப்பது, உயரம் அளப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவது, தடுப்பூசிக் கணக்கு, செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று ஒரு நாள் வேலை ஒரு நாளில் முடிவதில்லை என்பது ஊருக்கே தெரியும். இன்னொரு பதிவேட்டைத் திறக்கச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. குழந்தையைத் தராசில் வைக்கும்போது அதன் இரண்டு கண்களையும் ஒருமுறை நின்று பாருங்கள். ஏதாவது சரியில்லை என்று பட்டால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தைகளின் கண்ணுக்குள் வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு. கண்ணின் உட்புறச் சுவரில் உள்ள விழித்திரையில் முளைக்கும் கட்டி இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். இரண்டு கண்ணிலும் இருந்தால் ஒரு வயதையொட்டியும், ஒரு கண்ணில் மட்டும் என்றால் இரண்டு வயதையொட்டியும் வழக்கமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அந்த வயதுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு உங்களிடம் வருகிறது குழந்தை. பதினாறிலிருந்து இருபத்து நான்காம் மாதத்துக்குள் மறுபடி வருகிறது. நடுவில் மாதாமாதம் எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவும் அதே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய் வந்து நிற்கிறாள். இந்த நோய் வளரும் காலம் முழுக்க அந்தக் குழந்தை உங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறது. எந்தக் கண் மருத்துவருக்கும் இந்த வாய்ப்பு கிடையாது.

இது அரிய நோய் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 குழந்தைகள். அதிக எண்ணிக்கை இந்தியாவில். 5,000 மக்கள் உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு அறுபது எழுபது பிரசவம் என்று வைத்துக்கொண்டால், முப்பது வருடச் சேவையில் ஒரு செவிலியர் சுமார் 2,000 குழந்தைகளைப் பார்க்கிறார். அப்படியானால் உங்களில் பெரும்பாலோர் இந்த நோயுள்ள ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காமலே ஓய்வு பெறுவீர்கள். எட்டுப் பத்துப் பேரில் ஒருவரிடம்தான் அந்தக் குழந்தை வரும். நோய் தவறிப்போவதற்கு முதல் காரணமும் இதுதான். அடிக்கடி வரும் நோயை யாரும் விட்டுவிடுவதில்லை. அரிதாக வருவது, அடிக்கடி வரும் வேறொன்றின் பெயரில் நுழைந்துவிடுகிறது.

எந்தெந்தப் பெயரில் நுழைகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, மாறுகண். இந்த நோயுள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் அறிகுறிகளில் இது இரண்டாமிடம். விழித்திரையின் நடுப்பகுதியைக் கட்டி மறைத்துவிட்டால் அந்தக் கண்ணுக்குப் பார்வை தெளிவாக இருக்காது. பார்க்கும் வேலை இல்லாத கண் தன் போக்கில் ஒதுங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு “மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்” என்பார் பாட்டி. “அவங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு” என்பார் பக்கத்து வீட்டு அத்தை. “வளர வளரச் சரியாயிடும்” என்று எல்லாருமாகச் சேர்ந்து முடித்துவிடுவார்கள். இந்த ஆறுதலில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் குழந்தையின் கண்கள் அவ்வப்போது விலகிச் சேர்வது இயல்பு. அதற்குப் பிறகும் விலகினால், அல்லது எந்த வயதிலும் ஒரே கண் எப்போதும் விலகியே இருந்தால், அது இயல்பு அல்ல.

இரண்டாவது, ‘கண்ணில் பூ விழுந்திருக்கிறது’ என்பது. இந்த நோயின் முதல் அறிகுறியே பெரும்பாலும் கண்மணியில் தெரியும் வெள்ளைதான். ஆனால் அது எப்போதும் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்மணி சுருங்கி இருக்கும், ஒன்றும் தெரியாது. இரவு விளக்கடியில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் குனியும்போது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும், கருவிழியின் நடுவே வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ ஒன்று பளிச்சிடும். பூனைக்கண் மாதிரி மின்னியது என்று பின்னால் சொல்வார்கள். குழந்தை தலையைத் திருப்பியதும் அது காணாமல் போகும். மறுநாள் காலையில் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினால் அங்கே எதுவும் இருக்காது. “உனக்கு எப்பப் பார்த்தாலும் சந்தேகம்தான்” என்று பேச்சு முடிந்துவிடும். அந்தத் தாய் அதை இரண்டாவது முறை வாய்விட்டுச் சொல்லும் இடம் பெரும்பாலும் உங்கள் அங்கன்வாடித் திண்ணையாகத்தான் இருக்கும். சொன்னால் நம்புங்கள். நீங்கள் பார்க்கும்போது தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது, கண்வலி. கட்டி பெரிதாகும்போது கண் சிவக்கும், நீர் வடியும், உள் அழுத்தம் கூடிக் கண்ணே பெரிதாகத் தெரியும். ஊரில் மெட்ராஸ் ஐ ஓடிக்கொண்டிருந்தால் இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். தாய்ப்பாலைப் பீச்சி விடுவார்கள்; நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவார்கள்; மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சில நாள் வடிந்துவிடும். மருந்து கேட்டது என்று வீடு நிம்மதி அடையும். உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண மெட்ராஸ் ஐ ஒரு கண்ணில் தொடங்கினாலும் பெரும்பாலும் மறு கண்ணுக்கும் தாவும், வீட்டில் நாலு பேருக்கு ஒட்டும், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். ஒரு குழந்தைக்கு மட்டும், ஒரே கண்ணில் மட்டும், ஆறாமல் நிற்கும் சிவப்பு அந்தக் கணக்கில் சேராது.

நான்காவது, இமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வீங்கிப்போவது. சீழ் பிடித்திருக்கிறது என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இதில் வீட்டாரையோ மருந்துக்கடைக்காரரையோ மட்டும் குறை சொல்ல முடியாது; பழகிய மருத்துவர்களையே ஏமாற்றும் தோற்றம் அது. கண்புரை என்றோ கண் நீர் அழுத்தம் என்றோ எண்ணி, கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேன் பார்க்காமல் அறுவை சிகிச்சை செய்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மற்றப் புற்றுநோய்களில் ஊசியால் குத்திச் சதை எடுத்துச் சோதிப்பது வழக்கம். இந்த நோயில் அதைச் செய்வதில்லை; கண்ணைத் துளைத்தால் புற்றணுக்கள் வெளியே சிதறும் அபாயம் உண்டு. கண்ணைத் திறந்து வேறு அறுவை சிகிச்சை செய்தாலும் அதே அபாயம்தான்.

“அனுப்பிவைத்து, கடைசியில் வெறும் மாறுகண் என்று தெரிந்தால்? கூலி வேலையை விட்டுப் போய் அலைந்த தாய் என்னைத் திட்டமாட்டாளா?” என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் வெறும் மாறுகண்ணுக்கும் சீக்கிரம் சிகிச்சை தேவை. இல்லாவிட்டால் அந்தக் கண் தரும் காட்சியை மூளை ஒதுக்கிவிடும். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. பிறவிக் கண்புரை இருந்தால் அது இன்னும் அவசரம். பிறந்த சில வாரங்களிலேயே எடுக்க வேண்டியது. ஆகவே நீங்கள் அனுப்பிய குழந்தைக்குப் புற்றுநோய் இல்லை என்றாலும் அந்தப் பயணம் வீண் போகாது. சரியாகிவிடும் என்று காத்திருக்கத் தக்க நோய் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு உலக அளவிலான கணக்கு ஒன்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டில் 153 நாடுகளில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2020-இல் வெளியிட்டார்கள். பணக்கார நாடுகளில் சராசரியாக 14 மாத வயதில் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மிக ஏழை நாடுகளில் 30 மாதத்தில். பணக்கார நாடுகளில் நோய் கண்ணைத் தாண்டிய நிலையில் வந்த குழந்தைகள் 100-க்கு ஒன்றிரண்டு பேர். மிக ஏழை நாடுகளில் 49 பேர். இரண்டு இடத்திலும் நோய் ஒன்றுதான். நடுவில் கழிந்த பதினாறு மாதம்தான் வித்தியாசம். நோய் கண்ணுக்குள் இருக்கும்வரை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிடலாம். பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கமோ, ரத்தத்தின் வழியாக எலும்புக்கோ போய்விட்டால் உயிரைக் காப்பதே போராட்டம். கட்டி சிறிதாக இருக்கும்போது லேசராலும் உறையவைக்கும் சிகிச்சையாலும் கீமோதெரபியாலும் அழித்து, பல குழந்தைகளின் கண்ணையும் காப்பாற்ற முடிகிறது. ஓரளவு பார்வையும் மிஞ்சுகிறது. முதலில் உயிர், அடுத்து கண், அதன் பின் பார்வை என்பதே இந்தச் சிகிச்சையின் வரிசை. எத்தனை சீக்கிரம் வருகிறார்களோ அத்தனைக்கு அதிகமாக மிஞ்சும்.

உங்கள் மேலதிகாரிகள் ஒன்று சொல்லக்கூடும்: குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வந்து எல்லாக் குழந்தைகளையும் பார்க்கிறதே என்று. நல்ல திட்டம், 2013-லிருந்து நடக்கிறது, எத்தனையோ குழந்தைகளின் குறைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு வருகைகளுக்கு நடுவே ஆறு மாதம். இந்தக் கட்டிக்கு அது மிக நீண்ட காலம். குழு வரும்போது காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெயில் விழாத ஓர் அறையில் குழந்தையைத் தாயின் மடியில் உட்கார வையுங்கள். ஒரு கை நீளத் தூரத்தில் குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்துகொள்ளுங்கள். டார்ச்சை உங்கள் கண்ணை ஒட்டிப் பிடித்து அதன் முகத்தில் மெல்ல அடியுங்கள். வெளிச்சம் இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மாறுகண் இருக்கலாம். ஒரு கண்மணி கறுப்பாகவோ மங்கிய சிவப்பாகவோ இருக்க, இன்னொன்றில் வெள்ளை தெரிந்தால் மேலே யோசிக்க எதுவும் இல்லை. பிறகு குழந்தையின் கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணாக உங்கள் உள்ளங்கையால் மறையுங்கள். ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் விளையாடுகிற குழந்தை, மறு கண்ணை மூடியதும் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா? அப்படியென்றால் திறந்திருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு கண் நன்றாக இருக்கும் குழந்தை ஓடும், பொம்மையை எடுக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். பேச வராத வயதில், தனக்கு ஒரு கண் தெரியவில்லை என்று அது யாரிடம் சொல்லும்? பெரும்பாலும் ஆரம்பத்தில் வலியும் இருக்காது.

இன்னொரு வழி, எல்லார் கையிலும் இருக்கும் செல்போன். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தநாளங்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. நடுவே கட்டி இருந்தால் சிவப்புக்குப் பதில் வெள்ளை திரும்பும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருக்கும் பிரையன் ஷாவின் மகனுக்கு இந்த நோய் வந்தது. பிறகு அவர் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் பார்த்தபோது, குழந்தை பிறந்த 12-ஆம் நாள் எடுத்த படத்திலேயே கண்மணியில் வெள்ளை தெரிந்தது. படங்களில் இந்த வெள்ளையைத் தேடும் செல்போன் செயலி ஒன்றை அவரும் சக ஆய்வாளர்களும் உருவாக்கினார்கள். கண் நோய் வந்த 20 குழந்தைகளின் பழைய படங்களை அதில் ஓட்டியபோது 16 பேரின் படங்களில் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே வெள்ளை சிக்கியது; சராசரியாக ஒரு வருடத்துக்கும் மேல் முன்பே. 2019-இல் அந்த ஆய்வு வெளியானது.

ஒரு படத்தில் வெள்ளை தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. குழந்தை கொஞ்சம் ஓரமாகப் பார்த்திருந்தால் நல்ல கண்ணிலும் பார்வை நரம்பின் மேல் பட்டு வெள்ளை திரும்பலாம். படங்களில் சிவப்பே தெரியாமல் திருத்திவிடும் வசதி பல போன்களில் இருப்பதால், வெள்ளை தெரியாத படத்தையும் முழுதாக நம்ப முடியாது. தாய் ஒரு படத்தைக் காட்டி “பாருங்க சிஸ்டர், ஒரு கண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு” என்றால், அந்தப் படத்தை அழிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும்.

அனுப்பும்போது தாயிடம் புற்றுநோய் என்ற சொல்லை எடுக்க வேண்டாம். அதை முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. பயத்தில் கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் போய்விட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு. “கண்ணுக்குள்ள டாக்டர் பார்க்கணும், இந்த வாரமே போயிட்டு வந்துடு, தள்ளிப்போடாதே” என்று சொன்னால் போதும். எங்கே போவது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். பெரிய வைத்தியத்துக்கு நாட்டை விட்டுப் போக வேண்டிய நிலை நமக்கு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அப்போதே கேட்டு, எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் உட்கார வச்சு, அப்புறம் உள்ளே பார்த்தாங்களா?” கண்மணியை விரிக்காமல் டார்ச் அடித்து மட்டும் பார்த்தால் விழித்திரை முழுவதையும் பார்க்க முடியாது. ஓரத்தில் இருக்கும் சிறு கட்டி தப்பிவிடும். துறுதுறுவென்று ஆடும் சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டியும் வரும். சொட்டு விடவில்லை, சும்மா பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றால், கண்ணைப் பார்த்து முடிக்கவில்லை என்று பொருள். மறுபடி அனுப்புங்கள்.

நோய் உறுதியான பிறகு உங்கள் தேவை இன்னும் அதிகமாகிறது. கட்டி பெரிதாக இருந்தால் கண்ணையே எடுக்க வேண்டும் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, சிகிச்சையையே விட்டுவிடும் குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. “பொம்பளப் புள்ளை, நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?” என்ற கேள்வி மருத்துவரின் விளக்கத்தைவிட உரக்க ஒலிக்கும். அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு போய் உட்கார முடிந்தவர் நீங்கள். பார்வை போன, புற்று நிறைந்த கண்ணை எடுப்பது குழந்தையின் உயிருக்காக என்று சொல்லுங்கள். கண் இருந்த இடத்தில் உள்ளே ஒரு பந்து வைத்து, மேலே செயற்கைக் கண் பொருத்துவார்கள். வளர வளர அதை மாற்றிக்கொள்ள வேண்டும். மற்றக் கண்ணால் அந்தக் குழந்தை படிக்கும், வேலைக்குப் போகும். ‘கொலம்போ’ தொடரில் துப்பறிவாளராக நடித்து உலகப் புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபாக்குக்கு மூன்று வயதில் இதே நோயால் வலது கண்ணை எடுத்தார்கள். அவர் 83 வயது வரை வாழ்ந்தார்.

வீட்டில் பழி பெரும்பாலும் தாய் மேல் விழும். கிரகணத்தில் வெளியே வந்தாள், சொந்தத்தில் கட்டினார்கள், கண் பட்டுவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதுவும் காரணமில்லை. 13-ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்.பி.1 என்ற மரபணு கெட்டுப்போவதால் வருவது இது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கேடு கண்ணில் உள்ள அணுவிலேயே தற்செயலாக நேர்கிறது. அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை. மற்றவர்களுக்கு அது உடம்பின் எல்லா அணுவிலும் இருக்கிறது. அவர்களிலும் பலருக்கு அது புதிதாக நேர்ந்ததே. ஆனால் அப்படிப்பட்டவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேர்வதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

ஆகவே இரண்டு காரியங்கள். ஒரு குழந்தைக்கு இந்த நோய் என்று தெரிந்தால் அதன் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை கண்களையும் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து பிக்மி எண் தரும் நாளில், “உங்களுக்கோ உங்க வீட்டுக்காரருக்கோ சின்ன வயசுல கண்ணுல கட்டின்னு ஆபரேஷன் செஞ்சிருக்காங்களா, கண்ணை எடுத்திருக்காங்களா?” என்றும் ஒரு வரி கேளுங்கள். ஆமாம் என்றால், அந்தப் பிள்ளை பிறந்த முதல் வாரத்திலிருந்தே கண் மருத்துவரின் பார்வையில் இருக்க வேண்டும். அறிகுறி வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லாத குழந்தை அது.

போலியோவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு போய் ஒழித்தது நீங்கள்தான். கதவில் சாக்பீஸால் குறி போட்டு, விட்டுப்போன குழந்தையைத் தேடி வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் நீங்கள். இதற்கு அத்தனை நடை தேவையில்லை. குழந்தை உங்களிடமே வருகிறது. வருகிற புதன்கிழமை ஊசி போடும் முன், ஒவ்வொரு குழந்தையின் இரண்டு கண்களையும் பாருங்கள். தாய் சந்தேகப்பட்டால் நம்புங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.